கிரவுண்டுக்கு நான்கு வீடு, தெருவுக்கு ஒரே குழாய்

சென்னைப் புறநகரான தாம்பரத்தில், செம்பாக்கத்திலோ சேலையூரிலோ ஏதாவது ஒரு தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். இருபது மனைகள் உள்ள தெரு என்றால், ஏழெட்டில் இன்னும் பழைய தனி வீடு நிற்கும். முன்னால் கிணறு, பக்கவாட்டில் தென்னை, கேட்டில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரின் பெயர்ப் பலகை. மற்ற மனைகளில் பச்சை வலை போர்த்திய கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும், அல்லது எழும்பி முடிந்திருக்கும். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். பெற்றோருக்குத் தனி வீட்டைப் பராமரிக்கத் தெம்பில்லை. புரோமோட்டரிடம் 'ஜாயின்ட் வென்ச்சர்' போட்டுவிடுகிறார்கள். ஓரிரு வருடத்தில் அங்கே கீழே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் தளம், மேலே நான்கு ஃபிளாட்.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வயதானவர்களுக்கு லிஃப்ட் வைத்த வீடு கிடைக்கிறது. சென்னைக்குள் வாங்க முடியாத மூன்று இளம் குடும்பங்களுக்கு ரயில் பாதைக்குப் பக்கத்தில் சொந்த வீடு கிடைக்கிறது. நகரம் வயல்களைத் தின்று பரவுவதைவிட, இருக்கும் இடத்திலேயே உயர்வது நல்லது. ஆனால், அந்தத் தெருவின் அடியில் கிடக்கும் குழாய்க்கு இந்தச் செய்தி எட்டியதா என்பதே தாம்பரம் மாநகராட்சியில் இன்று கேட்கவேண்டிய கேள்வி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. என்று கட்டுமானத் தொழிலில் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு முன்பு 1.5 ஆக இருந்தது. ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி கட்டலாம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை 2 ஆக உயர்த்தின. இப்போது 4,800 சதுர அடி. அதாவது 1,200 சதுர அடியில் நான்கு வீடுகள். இருபது மனைத் தெருவில் இருபது குடும்பங்கள் இருந்த இடத்தில், முழுதும் மாறி முடியும்போது, எண்பது குடும்பங்கள் இருக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களின் அளவுகோல். வீட்டுக்கு நான்கு பேர் என்றால், 10,800 லிட்டர் தேவைப்பட்ட தெருவுக்கு 43,200 லிட்டர் தேவைப்படும். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும். 12,000 லிட்டர் லாரிகளில் பார்த்தால் தினமும் நான்கு லாரி தண்ணீர் உள்ளே வரவேண்டும், மூன்று லாரி கழிவுநீர் வெளியே போகவேண்டும். எல்லா மனையும் ஒரே நாளில் மாறிவிடாது என்பது உண்மை. ஆனால், எந்தத் திசையில் போகிறோம் என்பதில் ஐயமில்லை. அந்த ஏழு லாரிகளும் போய்வரும் சாலையின் அகலம் மட்டும், லேஅவுட் போட்ட நாளில் இருந்த அதே அகலம்.

வேலை முன்னே, வீடு பின்னே

தாம்பரம் வளர்ந்த கதையைப் புரட்டினால் ஒரு வரிசை தெரியும். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதனால் ஒரு பகுதிக்குச் சானடோரியம் என்றே பெயர் நிலைத்தது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. விமானப் படைத்தளம் வந்தது. தோல் பதனிடும் ஆலை ஒன்று குரோம்பேட்டை என்ற பெயரையே தந்தது. அனகாபுத்தூர் தறிகளில் நெய்த துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. 1984-இல் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்து, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முதல் மாதச் சம்பளத்தைக் கொடுத்தது.

மருத்துவமனையோ கல்லூரியோ ஆலையோ, ஏதோ ஒரு வேலை முதலில் வந்தது. வேலைக்கு வந்தவர்கள் பிறகு மனை வாங்கினார்கள். அந்த வீடுகளை நம்பிக் கடைகள் வந்தன. இன்றைய வளர்ச்சியில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. வீடு முதலில் வருகிறது. அதில் குடியேறுபவரின் வேலை கிண்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஒரகடத்திலும் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்களும் மின்சார ரயில்களும் ஊரை அள்ளிக்கொண்டு போகின்றன. இரவில் கொண்டுவந்து கொட்டுகின்றன. பகலில் ஊரில் எஞ்சுபவர்கள் முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வீட்டுவேலை செய்யும் பெண்கள், காவலாளிகள், தண்ணீர் லாரிக்காரர்கள். சம்பாதிப்பது ஓரிடம், செலவழிப்பதில் பெரும்பகுதியும் அங்கேயே. தூங்குவது மட்டும் இங்கே என்றால், அந்த ஊருக்குப் பொருளாதாரம் எப்படி வேர்விடும்?

கட்டுமானமே பொருளாதாரம்தானே என்று கேட்கலாம். கட்டடம் எழும் மாதங்களில் பணம் புழங்குவது உண்மை. ஹார்டுவேர் கடை, டீக்கடை, டைல்ஸ் ஒட்டுபவர், செண்ட்ரிங் பலகை வாடகைக்கு விடுபவர் என்று பலர் பிழைக்கிறார்கள். ஆனால் ஃபிளாட் விலையில் பெரும்பங்கு மனைக்குப் போகிறது; சிமென்டும் கம்பியும் வெளியூர்; கட்டும் கைகளில் பல பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவை, கூலியில் மிச்சம் பிடித்ததை அங்கே அனுப்புபவை. கிரகப்பிரவேசத்தோடு அந்த வருமானம் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது.

ஸ்டில்ட் விழுங்கிய கடைகள்

ஒரு சிறிய மாற்றம் யார் கண்ணிலும் படாமல் நடந்திருக்கிறது. பழைய தனி வீட்டின் முன்னறையில் ஒரு தையல்காரர் இருந்தார். அடுத்த வீட்டில் மாவு மில். மூலை வீட்டில் மளிகைக் கடை, அதன் ஓரத்தில் இஸ்திரி வண்டி. முன்னறை வாடகை வீட்டுக்காரருக்கு ஓய்வூதியத்துக்கு மேல் ஒரு வரும்படி. கடைக்காரருக்குப் பெரிய முதலீடு இல்லாத பிழைப்பு. உள்ளூர்ப் பொருளாதாரம் என்று அறிக்கைகளில் எழுதுவது தெருவில் இந்த உருவத்தில்தான் இருக்கும்.

அந்த வீட்டை இடித்ததும் தரைத்தளம் கார் நிறுத்துமிடமாகிறது. இதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, விதியின் கணக்கு. வீட்டுக்கு இத்தனை வண்டி நிறுத்த இடம் விடவேண்டும் என்பது கட்டாயம். அந்த இடம் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் ஏறாது. அதே இடத்தில் 150 சதுர அடியில் ஒரு கடை வைத்தால் அது கணக்கில் ஏறும், விற்கவேண்டிய வீட்டின் பரப்பு குறையும். எந்தப் புரோமோட்டரும் கடை வைக்கமாட்டார். இப்படி மனை மனையாக மாறிய தெருவில், வாடிக்கையாளர்கள் நான்கு மடங்கு ஆகும்போது கடைகள் காணாமல் போகின்றன. அந்த வியாபாரம் கைபேசி வழியாக, எங்கோ இருக்கும் கிடங்குக்குப் போகிறது. தையல்காரரால் ஜி.எஸ்.டி. சாலை போன்ற பெருஞ்சாலையில் கடை எடுக்க முடியாது.

மூன்று நான்கு மனைக்கு ஒரு சிறு கடைக்கு எஃப்.எஸ்.ஐ. விலக்குக் கொடுத்தால் அரசுக்குப் பெரிய இழப்பு ஏதுமில்லை. பேருந்து போகும் சாலைகளில் தரைத்தளத்தின் முன்பகுதியைக் கடைகளுக்கு விடுபவருக்குக் கூடுதல் பரப்புத் தரலாம். சலுகை கேட்டு ஆலைகளை அழைப்பதற்குச் செலவிடும் அக்கறையில் நூறில் ஒரு பங்கை இதில் காட்டினால் போதும்.

கையெழுத்து ஓரிடம், சுமை ஓரிடம்

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படியே ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். அதற்குப் பிறகு வந்தவர்களை எண்ணுவதற்கு அடுத்த கணக்கெடுப்பு வரவேண்டும். பல்லாவரத்தில் பாதாளச் சாக்கடை உண்டு. இணைந்த பேரூராட்சிகள் பலவற்றில் செப்டிக் டேங்கும் கழிவுநீர் லாரியும்தான். பெயர்ப் பலகை ஒரே நாளில் மாறிவிடும். குழாய் அப்படி மாறாது.

சிறு வீடுகளுக்கான அனுமதியை மாநகராட்சி தருகிறது. பெரிய குடியிருப்புகளுக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. தருகிறது. எந்த இடத்தில் எவ்வளவு கட்டலாம் என்ற வரைபடத்தை வரைவதும் சி.எம்.டி.ஏ.தான். அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று வகுத்த பன்னிரண்டாம் அட்டவணையில், 18 பொறுப்புகளில் முதலாவதாக நிற்பது நகரத் திட்டமிடல். முப்பது வருடங்களுக்குப் பிறகும், மேயர் உட்பட 70 கவுன்சிலர்களும் ஒரு தெருவின் எதிர்காலத்தைப் பற்றித் தீர்மானம் போடலாம், தீர்மானிக்க முடியாது. ஆனால் மழையில் தண்ணீர் புகுந்தால் மக்கள் போய் நிற்பது கவுன்சிலர் வீட்டு வாசலில்.

பணத்துக்கும் இதே கதிதான். பெரிய கட்டடங்களிடம் உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று ஒன்று வசூலிக்கப்படுகிறது. பெயரைக் கேட்டால், அந்தக் கட்டடத்தால் சுமை ஏறும் தெருவுக்குச் செலவாகும் பணம் என்று தோன்றும். அது மாநில அளவிலான ஒரு நிதியத்துக்குப் போகிறது. அங்கிருந்து திட்டங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. பெருங்களத்தூரில் எழுந்த கட்டடத்தின் கட்டணம் பெருங்களத்தூருக்குத் திரும்பியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாநகராட்சிக்கு நிலைத்துக் கிடைப்பது சொத்து வரி. ஒரு வீடு நான்காகும்போது அதுவும் உயர்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால், அரையாண்டு வரியைச் சேர்த்துவைத்துப் புதைசாக்கடை போட முடியாது. அதற்கு முன்கூட்டியே பெருந்தொகை வேண்டும். அந்தத் தொகை கைக்கு வரும் ஒரே தருணம், கட்டட அனுமதி கொடுக்கும் தருணம்.

2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்களுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி வந்தது. அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய சாதாரண மக்களுக்கு அது பெரிய விடுதலை. அனுமதி தாமதமாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அனுமதி வேகமெடுத்த அளவுக்குக் குழாயும் வேகமெடுக்கவேண்டும் என்பதே கோரிக்கை.

தண்ணீர் மறக்காத வழி

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 செ.மீ. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்ற மக்களைப் படகில் மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே பகுதிகள் மீண்டும் தண்ணீரில் நின்றன. இந்த ஊரின் நிலம் இரண்டு பக்கம் சரிகிறது. மேற்கே ஆதனூர், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் அடையாற்றுக்கு. கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி தாண்டிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலத்தின் உடல்நலம், செம்பாக்கத்துச் செப்டிக் டேங்கில் தொடங்குகிறது.

வயல் இருந்தவரை ஏரிக்கு ஆயக்கட்டுக்காரர்கள் இருந்தார்கள். மதகு அடைத்தால் சண்டைக்கு வந்தார்கள். வரத்துக் கால்வாயில் மண் விழுந்தால் அள்ளினார்கள். வயல் மனையானதும் ஏரிக்கு ஆளில்லாமல் போனது. ஏரியைச் சுற்றி வேலி போட்டு நடைபாதை அமைப்பதைச் சீரமைப்பு என்கிறோம். ஏரியின் உயிர் வரத்துக் கால்வாயிலும் கலங்கலிலும் இருக்கிறது. அவை வரைபடத்தில் ஒரு கோடாக இருந்து, லேஅவுட்டில் ஒரு சந்தாக மாறி, கடைசியில் யாருடைய காம்பவுண்டுக்குள்ளோ முடிகின்றன. ஆற்றோரத்து ஏழைகளின் வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடிப்பது எளிது. 2025-இல் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. முத்திரை குத்திய வரைபடத்தோடு தண்ணீரின் வழியில் நிற்கும் கட்டடத்தை எந்த இயந்திரமும் தொடுவதில்லை.

வரிசையைத் திருத்துவோம்

வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கம் நல்ல பாடம். சுமார் 88 ஏக்கரில், ஏறத்தாழ 394 கோடி ரூபாயில் கட்டிய பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. நெரிசலில் திணறிய கோயம்பேட்டுக்கு மாற்றுத் தேவைதான், முனையமும் விசாலமானது. ஆனால் திறந்த நாளில், கண்ணெதிரே ஓடும் ரயில் பாதையில் கிளாம்பாக்கத்துக்கென ஒரு நிலையம் இல்லை. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நீட்டிப்பும் அன்று காகிதத்தில்தான் இருந்தது. நள்ளிரவில் தென்மாவட்டத்திலிருந்து வந்திறங்கியவர்கள் பெட்டியோடு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினார்கள். தெருவில் நடந்த தவறுதான் இங்கே பெரிய அளவில் நடந்தது: கட்டடம் முதலில், இணைப்பு பிறகு.

இந்த வரிசையைத் திருத்த இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. சென்னைப் பெருநகருக்காக 2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்த இருபது வருடங்களுக்கான மூன்றாம் திட்டம் தயாராகிறது. அதில் தாம்பரம் போன்ற புறநகர் மாநகராட்சிகளுக்கு மூன்று உறுதிகள் வேண்டும். வார்டு வாரியாகத் தண்ணீர், கழிவுநீர், சாலை ஆகியவற்றின் தாங்குதிறனைக் கணக்கிட்டு வெளியிட்டு, கூடுதல் எஃப்.எஸ்.ஐ.யை அதோடு கட்டிப்போட வேண்டும். ஒரு ஊரில் வசூலான உட்கட்டமைப்புக் கட்டணத்தில் பெரும்பங்கு அந்த ஊருக்கே, இத்தனை காலத்துக்குள் செலவாகவேண்டும். வரத்துக் கால்வாய் ஒவ்வொன்றும் சர்வே எண்ணோடு திட்டத்தில் ஏறவேண்டும்.

கட்டடம் எழும் ஒவ்வொரு மனையின் முன்னாலும் ஒரு பலகை இருக்கவேண்டும் என்பது விதி. அனுமதி எண், தளங்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது: இந்த வீடுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும். அந்த வரிகளை லாரி என்ற சொல் இல்லாமல் எழுத முடிகிற நாளில், நான்காவது வீட்டுக்கும் அந்தத் தெருவில் இடம் இருக்கும்.