தோசைதானே!

"இன்னிக்கு ராத்திரிக்கு ஒண்ணும் மெனக்கெடாதே, சிம்பிளா தோசை போதும்."

சாயங்காலம் ஏழு மணிவாக்கில், சோபாவில் சாய்ந்தபடி, ஏதோ வரிச்சலுகை அறிவிக்கும் தோரணையில் நம்மூர்க் கணவன்மார்கள் சொல்லும் வாக்கியம் இது. 'சிம்பிளா' என்ற வார்த்தையில்தான் எனக்கு ஆட்சேபணை. சிம்பிள்தான், யாருக்கு?

நான் படித்தது பி.காம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வீட்டில் மாமியார், கணவன், இரண்டு பிள்ளைகள், அந்த அம்மா. மற்ற நாலு பேருக்குத் தலைக்கு மூன்று, அவருக்கு இரண்டு. மொத்தம் 14 தோசை. ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் என்றால் 35 நிமிடம். அடுப்பு முன்னால், நின்றபடி, கரண்டியும் கையுமாக. மாவு கடையில் வாங்கிய பாக்கெட் என்றே வைத்துக்கொள்வோம். ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்த நேரத்தை நான் சேர்க்கவில்லை. சட்னியையும் சேர்க்கவில்லை.

இதோடு விட்டால் பரவாயில்லை. ஆர்டர்கள் வர ஆரம்பிக்கும். "அம்மா, எனக்கு முறுகலா, பேப்பர் மாதிரி." "எனக்கு முட்டை ஊத்தி." "அம்மாடி, எனக்குப் பல்லு சரியில்லை, மெத்துனு ஒண்ணு." "ஏம்மா, வெங்காயம் தூவி, கொஞ்சம் பொடி போட்டு."

காஸ்ட் அக்கவுன்டன்சியில் ஜாப் காஸ்டிங் என்று ஒரு பாடம் உண்டு. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற பிரஸ் மாதிரி, ஆர்டருக்கு ஆர்டர் வேலை மாறினால் செலவையும் ஆர்டர்வாரியாகத் தனித்தனியாக எழுத வேண்டும். ஓட்டல்காரருக்கு இது நன்றாகத் தெரியும். வெங்காயத்துக்குக் கூடுதல் காசு, நெய்க்குக் கூடுதல், பொடிக்கும் கூடுதல். இத்தனைக்கும் அவரிடம் ஒரே நேரத்தில் ஆறேழு ஊற்றுகிற கல் இருக்கிறது, சம்பளம் வாங்கும் மாஸ்டர் இருக்கிறார். வீட்டில் ஒற்றைக் கல், சம்பளமில்லாத மாஸ்டர், பில்லில் எல்லாமே பூஜ்யம்!

(இரண்டு கல் போட்டால் நேரம் பாதியாகுமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். தாராளமாக. இரண்டாவது கல் முன்னால் அவர் நிற்கட்டும்.)

2024-ல் மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க ஒரு நேரக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அதற்குப் பெண்கள் செலவிடுவது நாளைக்கு 289 நிமிடம். ஆண்கள் 88. அந்த 88-ல் தோசை ஊற்றியது எத்தனை நிமிடமோ!

"தோசைன்னா சூடா சாப்பிடணும் சார்" என்பார்கள். ரொம்ப சரி. அந்த வீட்டில் சூடாகச் சாப்பிடாத ஒரே ஆள் யார்? எல்லோரும் கைகழுவிவிட்டு டி.வி. முன்னால் போன பிறகு, கடைசி மாவை வழித்து ஊற்றி, மிச்சமிருக்கும் சட்னியோடு தனியாகச் சாப்பிடுகிறாரே, அவர்தான். நாலு பேர் ருசிக்குச் செய்த வீட்டில் ஐந்தாவது ஆளின் ருசி என்னவென்றுகூட யாருக்கும் தெரியாது.

ஆளுக்கு ஒரு ருசி இருக்கட்டும், தப்பில்லை. அதை அடுப்பில் காட்டாமல் தட்டில் காட்டுங்கள் என்கிறேன். கொங்கு நாட்டில் இதற்கென்றே ஓர் அருமையான ஐட்டம் இருக்கிறது: அரிசியும் பருப்பும் சாதம். குக்கரில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், வரமிளகாய் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூள் போட்டு, ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு. நாலு விசில். ஐந்து பேர் என்றால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள், விசில் அதேதான். குக்கரை மூடிய பிறகு அடுப்பு முன்னால் யாரும் நிற்க வேண்டியதில்லை.

இனி உங்கள் இஷ்டம். சின்னவனுக்கு நெய். பெரியவளுக்கு அப்பளம். மாமியாருக்குக் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குழைத்துக்கொள்ளலாம். ஐயாவுக்குக் காரம் போதவில்லையா? ஊறுகாய் பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறது. எழுந்து போய் எடுத்துக்கொள்ளலாம், கால் தேயாது. முக்கியமாக, ஐந்து தட்டும் ஒரே நேரத்தில் நிரம்பும்.

அதற்காகத் தோசையை நாடு கடத்தச் சொல்லவில்லை. எனக்கும் உயிர்தான். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கரண்டி ஐயா கையில். அம்மா உட்கார்ந்துகொண்டு ஆர்டர் சொல்லட்டும். முதல் தோசை அவருக்கு. எப்படி வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முறுகலாகவா, மெத்தென்றா?