திண்ணையும் குசினியும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியத்தில் அச்சொல் புதிதாகப் புனையப்படும் செய்யுளையும் குறித்து நிற்கின்றது. புதிதாய் வந்தவரையும், அவருக்கு இடும் உணவையும் அது குறித்தல் அப்பொருளின் வழிவந்ததே. ஆகவே, விருந்து என்றால் வந்தவர் நமக்குப் புதியவராய் இருத்தல் வேண்டும்; அவரால் நமக்கும் புதியதொன்று வருதல் வேண்டும். அறிந்த உறவினரை அழைத்து அறிந்த கறிகளைப் படைத்தல் அன்புடைமையாகலாம். அதனை விருந்து என்று சொல்லுதற்குச் சிறிது தயக்கம் உண்டாகின்றது. மாணவரைப் பிறநாட்டார் இல்லத்தில் இருத்திக் கற்பிக்கும் முறையைப்பற்றி எண்ணுந்தோறும் இப்பழம்பொருள் நினைவுக்கு வருகின்றது.

அமெரிக்கக் கல்லூரிகளில் இம்முறை ஒரு நூற்றாண்டாக வழங்குகின்றது. 1923ஆம் ஆண்டில் டெலாவெயர்ப் பல்கலைக்கழகம் எட்டு மாணவரைப் பிரான்சு தேசத்துக்கு அனுப்பிற்று. அவர்கள் பிரெஞ்சுக் குடும்பங்களில் தங்கிப் படித்தனர். 1931ஆம் ஆண்டில் சிமித் மகளிர் கல்லூரி இத்தாலியின் புளோரன்சு நகருக்குத் தன் மாணவியரை அனுப்பத் தொடங்கிற்று. அன்று தொட்டு இத்தாலிக்குச் செல்லும் அமெரிக்க மாணவர் பெருகினர். அவர்களுள் பலர் அடுக்குமாடி அறைகளில் தம் நாட்டாரோடு கூடித் தங்கித் தம் மொழியிலேயே பேசிவிட்டுத் திரும்புகின்றனர். சிலர்மட்டும் ஓர் இத்தாலியக் குடும்பத்தில் அதன் பிள்ளைகளோடு பிள்ளையாய்ச் சில மாதங்கள் வாழ்கின்றனர். இருசாராரும் கேட்ட விரிவுரை ஒன்றே. பார்த்த ஓவியங்களும் ஒன்றே. ஆயினும் கற்றது ஒன்றன்று.

வேற்றுமை எங்கே விளைகின்றது? உணவு மேசையில் விளைகின்றது. இத்தாலியர் இராப்போசனத்துக்கு அமர்வது எட்டுமணி அளவில். ஒன்றன்பின் ஒன்றாக உணவு வரும்; பேச்சும் வரும். நடந்துகொண்டே உண்டு பழகிய அமெரிக்கப் பிள்ளைக்கு முதற்கிழமை இது பெருந்தண்டனையாகத் தோன்றும். தாயார் மீண்டும் மீண்டும் உண்ணச் சொல்வார். வேண்டாம் என்று மனம் நோகாமற் சொல்லும் முறை அதற்குத் தெரியாது. இலக்கணப் புத்தகத்தில் அந்த வாக்கியம் இருக்கும். அதனைச் சொல்லவேண்டிய முகம் இராது. வினைத்திரிபிற் பிழை விட்டால் வீட்டிலுள்ள சிறுகுழந்தை சிரித்துத் திருத்தும். ஆசிரியர் திருத்தியது மறந்துபோகலாம்; குழந்தை சிரித்துத் திருத்தியது மறவாது.

இன்னும் ஒன்று. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். அரசரையும் அடுக்களைப் பூனையையும் அதே சொல்லால் அழைக்கலாம். இத்தாலியத்திலோ நெருக்கத்துக்கு ஒரு சொல்லும் மரியாதைக்கு ஒரு சொல்லும் உண்டு. எந்த நாளில், எந்தக் கணத்தில், மரியாதைச் சொல்லை விட்டு நெருக்கச் சொல்லுக்கு வரலாம் என்பதை எந்த நூலும் வரையறுத்துச் சொல்லாது. வீட்டுத் தாயார் ஒருநாள் சொல்லுவார். அன்று அந்தப் பிள்ளை அவ்வீட்டுப் பிள்ளையாகிவிடும். நமக்கு இது எளிதில் விளங்கும். யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் வைத்திருக்கின்றோம். 'நீர்' என்பதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொன்னாற் குறையாகும் என்பதைத் தமிழகத்துத் தமிழர்க்குக்கூட நாம் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கின்றது. இத்தகைய அறிவு ஒரு வீட்டின் உட்புறத்தில்மட்டும் கிடைப்பது.

நம் குடாநாட்டுக்கு இம்முறை முற்றிலும் புதியதன்று. ஆனால் இங்கே அது தலைகீழாக நடந்தது. 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824ஆம் ஆண்டில் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும் தோன்றின. நம் பிள்ளைகள் தம் ஊரைவிட்டு நீங்காமலே அமெரிக்கர் இல்லத்துப் பிள்ளைகளாயினர். அமெரிக்காவில் இருந்த உபகாரிகள் ஆண்டுதோறும் பணம் அனுப்பினர். அனுப்பியவர் விரும்பிய பெயர் பிள்ளைக்கு இடப்பட்டது. சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். அவர்கள் பெற்ற கல்வி பெரிது. விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தைத் தந்தார்.

அந்தக் கல்விக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் உணவிட்டவர் பெயரை மாற்றியது விருந்தோம்பல் முறையாகாது. இத்தாலியத் தாயார் தம் வீட்டில் தங்கிய அமெரிக்க மாணவிக்குத் தம் ஊர்ச் சமையலைப் பழக்குவார். அவள் பெயரைப் பறிக்கமாட்டார். விருந்தினர் விருந்தினராகவே திரும்பிப்போகும் உரிமை உடையவர். அந்த உரிமையைக் காத்துக்கொண்டு பிறரோடு பழகியவருக்கும் நம்மிடத்தில் உதாரணம் உண்டு. ஆறுமுக நாவலர் பேர்சிவற் பாதிரியாரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் ஆண்டுக்கணக்காக உழைத்தார். திருநீற்றை அழிக்காமலே உழைத்தார். பின்னர்ச் சைவப் பாடசாலைகளையும் பிரசங்கங்களையும் அச்சுக்கூடத்தையும் அவர் நடத்திய திறத்திற் பாதிரிமாரிடம் கண்டறிந்த முறைகள் பலவும் பயன்பட்டன. கண்டு பழகினார், கொள்ளவேண்டியதைக் கொண்டார், தம் பெயரோடும் சமயத்தோடும் நின்றார்.

இத்தாலி என்றதும் நம்மவர் நினைக்கவேண்டியவர் இருவகையினர். ஒருவகையினர் அங்கிருந்து இங்கு வந்தோர். இராபர்ட் தெ நொபிலி 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தார். ஐரோப்பிய உடையையும் ஊனுணவையும் விட்டார். வீரமாமுனிவர் என நாம் போற்றும் பெஸ்கி அவருக்கு ஒரு நூற்றாண்டு பின்னே வந்து தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தார். அவர்களின் சமய நோக்கத்தை ஏற்பாரும் மறுப்பாரும் உண்டு. ஆனால் நம் மண்ணின் வாழ்க்கையைத் தாமும் வாழ்ந்து பார்த்த பின்னரே அவர்களுக்குத் தமிழ் வசப்பட்டது என்பதை யாரும் மறுக்கமுடியாது. கோட்டைக்குள் ஐரோப்பிய உணவை உண்டுகொண்டு தமிழ் படித்திருந்தால் அகராதி வந்திருக்கலாம், காவியம் வந்திராது.

மற்றவர் இங்கிருந்து அங்குச் சென்றவர். ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913ஆம் ஆண்டிற் பிறந்த தனிநாயகம் அடிகள் 1934 முதல் 1939 வரை உரோமாபுரியிற் கற்றார். பல தேசத்து மாணவரும் ஒரு கூரையின்கீழ் உண்டு உறங்கும் கலைக்கூடம் அது. அவர் அங்கே கற்றவை இறையியலும் இலத்தீனும் இத்தாலியமும் ஆகும். தமிழைத் துறைபோகக் கற்றதோ அங்கிருந்து திரும்பிய பின்னர், முதலில் வடக்கன்குளத்திலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் ஆகும். இம்முறைமாற்றம் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு தேசத்தானும் தன் மொழிச்செல்வத்தைப்பற்றிப் பேசும் மேசையில் அமர்ந்த தமிழ் மாணவனுக்குத் தன் செல்வம் யாது என்னும் கேள்வி எழாமற் போகாது. 1952இல் தமிழ்க் கல்ச்சர் என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கியதும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியதும் அக்கேள்விக்கு அவர் கண்ட விடைகள் எனலாம். பிறர் வீட்டில் இருந்தவனுக்கே தன் வீடு முழுதாகத் தெரிகின்றது.

இன்று இத்தாலியில் நம்மவர் பலர் வாழ்கின்றனர். 1980களில் இங்கு மூண்ட கலவரமும் போரும் அவர்களைத் துரத்தின. சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் யாழ்ப்பாணத் தமிழரின் குடியிருப்பு ஒன்று வேரூன்றிவிட்டது. அவர்களுட் பலர் செய்த தொழில் யாது? இத்தாலியர் வீடுகளில் வேலை செய்தனர், சமைத்தனர், முதியோரைப் பராமரித்தனர். அமெரிக்க மாணவி கட்டணம் கொடுத்து அமர்ந்த அதே உணவு மேசையை நம்மவர் துடைத்தனர். மொழி இருவருக்கும் வந்தது. நம்மவருக்கு இன்னும் விரைவாக வந்திருக்கும். ஆனால் கற்றவர் என்ற சான்றிதழ் அவளுக்குக் கிடைத்தது. நம்மவருக்கு அது கிடைக்கவில்லை. பிறநாட்டுக் குடும்பத்தின் உள்வாழ்க்கையை அறிந்த ஆயிரக்கணக்கான தமிழர் நம்மிடையே இருந்தும் அந்த அறிவை அறிவென்று நாம் மதிப்பதில்லை. அவர்களிடம் காசைக் கேட்கின்றோம், கண்டதைக் கேட்பதில்லை. இலக்கிய வட்டங்கள் சிந்திக்கவேண்டிய குறை இது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தான் உபசாரத்திற் குறைந்தவன் அல்லன். வந்தவருக்குக் கதிரை எடுத்துப் போடுவோம். தேநீர் கொடுக்காமல் அனுப்பமாட்டோம். ஆனால் இவ்வுபசாரம் பெரும்பாலும் விறாந்தையோடு நின்றுவிடுகின்றது. பழைய நாளில் அது திண்ணையோடு நின்றது. ஒரு வேடிக்கையைப் பாருங்கள்: கதிரை போர்த்துக்கேயச் சொல்; விறாந்தையும் அவர்கள் வழியாகவே நமக்கு வந்தது; மேசையும் அலுமாரியும் பாணும் அவ்வாறே வந்தவை; அடுக்களைக்கு நாம் வழங்கும் குசினி என்னும் சொல்லும் அவர்கள் தந்ததே. அந்நியச் சொற்கள் நம் அடுப்படிவரை வந்து குடியிருக்கின்றன; அந்நியர் வந்ததில்லை. அந்நியர் என்ன, அடுத்த தெருவிலே பிறந்த நம் தமிழரிற் பலரையே தலைமுறை தலைமுறையாகக் குசினி வாசலுக்கு இப்பால் நிறுத்தியவர்கள் நாம். சாதி ஆசாரம் நமக்குச் செய்த கேடுகளுள் இதுவும் ஒன்று: புதியவரிடம் கற்கும் வாய்ப்பை அது நமக்கு அடைத்துவிட்டது.

இதன் பயனை இன்று காண்கின்றோம். 1974ஆம் ஆண்டில் தொடங்கிய யாழ்ப்பாண வளாகம் இன்று தனிப் பல்கலைக்கழகம். 2009இல் போர் முடிந்தபின் தென்னிலங்கைச் சிங்கள மாணவர் பெருந்தொகையாக இங்குக் கற்க வருகின்றனர். அவர்களுக்கு விடுதி உண்டு. வாடகை அறை உண்டு. பல வீடுகளில் அந்த அறைக்கு வேறு வாசலும் உண்டு. நான்காண்டு இருந்தும் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு ஒருவேளை உண்ணாமல் பட்டத்தோடு ஊர் திரும்புதல் அவர்களுக்கு மிக எளிது. பேராதனையிலும் களனியிலும் கற்கும் நம் பிள்ளைகளின் நிலையும் இதுவே. 2016ஆம் ஆண்டு யூலையில் இப்பல்கலைக்கழகத்தில் புதுமுக மாணவரை வரவேற்கும் விழாவிலே, கண்டிய நடனம் இடம்பெறலாமா என்பதுபற்றி இருமொழி மாணவரிடையே கைகலப்பு மூண்டது. வரவேற்பிலேயே மூண்ட சண்டை அது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது ஈண்டு நோக்கமன்று. ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டு பழகியவர்களாய் இருந்தால் அந்தச் சண்டை இத்துணை எளிதில் மூண்டிருக்குமா என்பதே கேள்வி.

இம்முறையை இங்குத் தொடங்குவது இயலாத காரியமா? அமெரிக்கக் கல்லூரிகள் சில கூடி 1980களிற் கண்டிப் பக்கத்தில் தொடங்கிய திட்டத்தில் அமெரிக்க மாணவர் சிங்களக் குடும்பங்களோடு தங்கிக் கற்றனர். மதுரைக்குத் தமிழ் கற்க வரும் அமெரிக்க மாணவருக்கும் குடும்பங்களிடையே தங்கும் வாய்ப்பு உண்டு. கடல்கடந்து வந்தவருக்கு இயன்றது காலியிலிருந்தோ குருநாகலிலிருந்தோ வருபவருக்கு இயலாதா? கனடாவிலும் நோர்வேயிலும் பிறந்து, தமிழ் பேசத் தயங்கி, விடுமுறைக்கு வந்து விடுதியில் தங்கிச் செல்லும் நம் பேரப்பிள்ளைகளுக்கு இயலாதா?

தடைகள் கூறப்படும். பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்நியரை எவ்வாறு இருத்துவது என்பர். மாணவியரை மாணவியர் உள்ள வீட்டில் இருத்தலாம். ஆராய்ந்து தெரிந்த வீடுகளையே பல்கலைக்கழகம் ஏற்கலாம். செலவு யார் கொடுப்பது என்பர். மாணவர் உணவுக்குச் செலவிடும் பணத்தை வீட்டாருக்குக் கொடுப்பதில் இழுக்கொன்றுமில்லை. இத்தாலியரும் பணம் பெறுகின்றனர். வீட்டுப் பெண்களின் வேலை பெருகும் என்பர். இத்தடை பொருளுடையது, மற்றவற்றிலும் வலியது. புதியவர் வந்தால் உழைப்பு முழுவதும் தாயின் தலையில் விழுவது நம் வழக்கம். ஆகவே வந்த மாணவன் தேங்காய் துருவவேண்டும். உண்ட கோப்பையைக் கழுவவேண்டும். வீட்டுப் பையனும் அவனோடு சேர்ந்து கழுவவேண்டும். அம்முறை நம் வீடுகளில் நிலைத்தால், வந்தவனாற் பெற்ற முதற் கல்வி அதுவே என்று தாய்மார் வாழ்த்துவர். இறுதியாக, போரில் மகனை இழந்த வீட்டுக்குத் தெற்கிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பலாமா என்பர். அனுப்பவேண்டும் என்று யாரும் விதிக்கமுடியாது. அக்கதவு உட்புறத்திலிருந்துதான் திறக்கவேண்டும். திறக்க விரும்பும் வீடுகள் இல்லாமற் போகா.

தொடக்கம் சிறிதாகவே இருக்கட்டும். ஒரு பீடத்திற் பத்து மாணவர், பத்து வீடுகள், ஒரு தவணைக்காலம். இராச்சாப்பாட்டின்போது வீட்டுமொழிதான் பேசவேண்டும் என்பது ஒன்றே விதி. தவணை முடிவில் மாணவன் ஒரு கட்டுரை எழுதட்டும். வீட்டாரும் தாம் கண்டதை ஒரு பக்கத்தில் எழுதட்டும். நம் பிள்ளைகள் பத்துப்பேர் அவ்வாறே மாத்தறையிலோ கண்டியிலோ சென்று இருக்கட்டும். அவர்கள் பெயரும் திருநீறும் சிலுவையும் தொப்பியும் அவரவர்க்கே இருக்கட்டும்.

மொழியுரிமைபற்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிவருகின்றோம். இன்னும் பேசவேண்டிய நிலையிலேயே இருக்கின்றோம். உரிமையைச் சட்டம் தரும், தரவேண்டும். ஆனால் நம் மொழியைப் பிறன் விரும்பிப் பேசும்படி எந்தச் சட்டமும் செய்யமாட்டாது. அதனைச் செய்யவல்லவர் அடுப்பருகே நின்று, 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் தம்பி' என்று தமிழிற் சொல்லும் ஒரு தாயார். அவர் அதைச் சொல்லும் இடத்துக்கு மாணவன் வருவதற்கு நாம் வழிவிட வேண்டும்.