தடம் விட்டவரும் தடம் கேட்பவரும்

திருப்பூர், பல்லடம், காங்கேயம் பக்கம் பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் கடைசிப் பக்கத்தில் அடிக்கடி ஒரு வரி தென்படும். நான்கு எல்லைகளையும் கிணற்றுப் பங்கையும் சொல்லிவிட்டு, மாமூல் தடத்தின் வழியாக ஆள், வண்டி, கால்நடை போக வர உள்ள தடப் பாத்தியமும் சேர்ந்தது என்று பத்திரம் முடியும். நிலம் வாங்குபவர் விலையைப் பார்ப்பார், ஏக்கரைப் பார்ப்பார், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். இந்த ஒரு வரியை மட்டும் படிக்க மாட்டார். இருபது வருடம் கழித்து முன்சீப் கோர்ட்டில் இரண்டு வக்கீல்கள் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்கள்!

தன் தோட்டத்துக்குள் அடுத்தவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்குமே கொஞ்சம் கஷ்டம்தான். அதே சமயம், தன் வீட்டுக்குப் போக அடுத்தவர் முகத்தைப் பார்த்து நிற்பது அதைவிடக் கஷ்டம். இந்த இரண்டு கஷ்டங்களுக்கும் நடுவில் கிடப்பதுதான் தடம்.

இந்தச் சிக்கல் கொங்கு நாட்டில் அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே பலரும் ஊர் நடுவில் குடியிருப்பதில்லை. அவரவர் தோட்டத்துச் சாளையில்தான் குடியிருப்பு. கிளுவை வேலிகளுக்கு நடுவில் ஓடும் இட்டேரிதான் ஊரையும் தோட்டத்தையும் சேர்க்கும். ரோட்டோரம் பத்து ஏக்கர் வைத்திருந்த ஒருவர் மூன்று மகன்களுக்குப் பாகம் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் பெரியவருக்கு, நடுவில் உள்ளது அடுத்தவருக்கு, பின்பக்கம் சின்னவருக்கு. சின்னவர் வெளியே வர இரண்டு அண்ணன்களின் காட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அண்ணன் தம்பிக்குள் அடிக்கணக்கு எதற்கு என்று தடத்தின் அகலத்தை யாரும் எழுதுவதில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வராது.

அடுத்த தலைமுறையில் பெரியவரின் பாகம் சைட்டுகளாகப் பிரிகிறது. சின்னவரின் பாகத்தை ஒரு பனியன் கம்பெனிக்காரர் வாங்கிக் குடோன் கட்டுகிறார். மாட்டு வண்டி போன தடத்தில் இப்போது நூல் மூட்டை ஏற்றிய லாரி வருகிறது. வீட்டு வாசலில் புழுதி; ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹாரன் சத்தம். ஒருநாள் காலையில் தடத்தின் குறுக்கே நான்கு கல் விழுகிறது. "ஏனுங்ணா, வழியில கல்லைப் போட்டிருக்கீங்க?" என்று தொடங்கும் பேச்சு போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கிறது.

இதில் யார் பக்கம் நியாயம்? இரண்டு பேர் பக்கமும் பாதிப் பாதி இருக்கிறது என்பதுதான் உண்மை. ஆனால் அவரவர் கையில் இருக்கும் பாதியையே முழுசு என்று இருவரும் நம்புகிறார்கள்.

சட்டம் சொல்வதைக் கொஞ்சம் பார்ப்போம். வக்கீல்கள் ஈஸ்மெண்ட் சட்டம் என்று சொல்லும் இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882-ல் வந்தது. சென்னை மாகாணம் அது முதலில் அமலான பகுதிகளில் ஒன்று. அந்தச் சட்டப்படி தட உரிமை பல வகைகளில் வரும். பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் வரும். பாகம் பிரிக்கும்போதோ விற்கும்போதோ ஒரு துண்டுக்கு வேறு வழியே இல்லாமல் போனால், அவசியத்தின் பேரில் வரும். 20 ஆண்டுகள் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், சண்டையில்லாமல், உரிமையோடு நடந்து வந்தால் அனுபவத்தின் பேரில் வரும். இதில் கடைசி வகைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. தடத்தை அடைத்துவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

அவசியத்தின் பேரில் வந்த தடம், வேறு வழி கிடைத்ததும் போய்விடும். ஆனால் பாகப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த தடம் அப்படிப் போகாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-ல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "அவருக்குத்தான் இப்போ பின்னாடி புது ரோடு வந்திருச்சே" என்று சொல்லி எழுதிக் கொடுத்த தடத்தை அடைக்க முடியாது. அதேபோல, சுற்றிப் போக வேண்டியிருக்கிறது, குறுக்கே போனால் சீக்கிரம் போகலாம் என்பது மட்டும் அவசியமாகிவிடாது. வசதி வேறு, அவசியம் வேறு.

தடம் கேட்பவர்கள் படிக்க வேண்டிய பகுதி அதே சட்டத்தில் இருக்கிறது. ஒரு வகைத் தட உரிமையில் இன்னொரு வகை அடங்காது. கால்நடையாகப் போகும் உரிமை வண்டிக்கு உரிமையாகாது. தன் நிலத்தில் எதையோ கட்டிவிட்டு, அதைக் காரணம் காட்டி அடுத்தவர் நிலத்தின் மேல் உள்ள பாரத்தைக் கணிசமாகக் கூட்டவும் முடியாது. நடக்கும் தடத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. தடத்தின் இரு முனைகளில்தான் நுழைய வேண்டும், நடுவில் வேலியைப் பிரித்துப் புகக் கூடாது. தடத்தைச் செப்பனிடும் செலவும் தடத்தை அனுபவிப்பவருடையதுதான். போக வர உரிமை இருக்கிறது என்பதற்காக அங்கேயே வண்டியை நிறுத்தி வைப்பதும், கேட்காமல் பைப் புதைப்பதும் அந்த உரிமையில் அடங்காது.

தோட்டக்காரர்கள் படிக்க வேண்டிய பகுதியும் உண்டு. தடம் அவருடைய நிலம்தான், அதில் சந்தேகமில்லை. தடத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் அவர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஆடு மாடு வெளியே போகாமல் படல் போடலாம், திறந்தவர் சாத்திவிட்டுப் போக வேண்டும் என்று கேட்கலாம். பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொள்ள முடியாது. முள்ளை வெட்டிப் போட்டுத் தடத்தை அடைத்தால் என்ன ஆகும் தெரியுமா? போக முடியாதபடி அவரே அடைத்துவிட்டால், பக்கத்து நிலத்தின் வழியாக நியாயமான அளவு விலகிப் போக மற்றவருக்கு உரிமை வந்துவிடுகிறது. தடத்தைக் காப்பாற்றப் போய் சோளக்காட்டை மிதிக்க விட்ட கதைதான்!

இவ்வளவு தெளிவாகச் சட்டம் இருந்தும் சண்டை ஏன் ஓயவில்லை? அடிப்படைக் காரணம் பயம். "இன்னைக்கு விட்டா நாளைக்கு உரிமைங்குவாங்க" என்ற பயம் தோட்டக்காரருக்கு. "இன்னைக்கு அவரைக் கேட்டுட்டுப் போனா, நாளைக்கு உரிமை இல்லைங்குவாங்க" என்ற பயம் மற்றவருக்கு. இரண்டு பயத்துக்கும் சட்டத்தில் ஆதாரம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அனுமதி வாங்கி நடந்தால் எத்தனை வருடமானாலும் அது அனுபவ உரிமை ஆகாது. அனுமதி கேட்காமல் 20 ஆண்டு நடந்தால் ஆகிவிடும். அதனால் நல்ல மனதோடு வாய் திறக்காமல் வழி விடுபவர் நிலத்தின் மேல் ஒரு பாரத்தை ஏற்றிக்கொள்கிறார். அதைப் பார்த்த பக்கத்துத் தோட்டக்காரர், நமக்கு எதற்கு வம்பு என்று முதல் நாளே வேலி போட்டுவிடுகிறார்.

இதற்கு மருந்து ஒன்றுதான். எழுதி வைத்துக்கொள்வது.

பலருக்கு இது மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. "சொந்தக்காரங்களுக்குள்ள பத்திரமா?" என்று கேட்பார்கள். சொந்தக்காரர்களாக இருக்கும்போதுதான் எழுத வேண்டும். நிலம் கை மாறி முகம் தெரியாதவர்கள் எதிரெதிரே நிற்கும்போது எழுத யார் சம்மதிப்பார்கள்? உரிமை இல்லாமல் உதவியாக மட்டும் வழி விடுகிறார் என்றால், "என் அனுமதியின் பேரில் நடந்து வருகிறார்" என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும். தோட்டக்காரரின் பயம் போய்விடும். உரிமையாகவே கொடுப்பதென்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். எந்தப் புல எண்ணில், எந்த எல்லையிலிருந்து எந்த எல்லை வரை, எத்தனை அடி அகலம், ஆள் மட்டுமா, டிராக்டரா, லாரியா, பைப்பும் மின்கம்பியும் போகலாமா, மண் கொட்டும் செலவு யாருடையது... இவ்வளவையும் எழுதி ஒரு வரைபடமும் சேர்த்துவிட்டால் பேரன் காலத்திலும் தகராறு வராது. ஆள், வண்டி, கால்நடை என்று எழுதிய காலத்தில் வண்டி என்றால் மாட்டு வண்டி. இன்றைக்கு அந்தச் சொல்லுக்குள் லாரியும் அடங்குமா என்று கோர்ட்டில் கேட்பதைவிட, பத்திரத்திலேயே பதில் சொல்லிவிடுவது மலிவு.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தாலுகா ஆபீசில் புலப்படமும் 'அ' பதிவேடும் வாங்கிப் பார்க்க வேண்டும். வண்டிப்பாதை என்று தனியாகக் காட்டியிருந்தால் அது பெரும்பாலும் புறம்போக்கு. அங்கே விடுவதற்கும் தடுப்பதற்கும் தோட்டக்காரருக்கு அதிகாரமே இல்லை. வருடக்கணக்கில் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் அது சர்க்கார் தடம் என்று கண்டுபிடித்தால் எப்படி இருக்கும்!

இங்கிலாந்தில் 1949-ல் ஒரு சட்டம் போட்டு, அந்தந்தப் பகுதி நடைபாதைகளை வரைபடத்தில் குறிக்கும் வேலையை உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்தார்கள். படத்தில் ஏறிவிட்டால் அந்தப் பாதைக்கு அதுவே முடிவான சாட்சி. வயல் நடுவே போகும் ஒற்றையடிப் பாதைக்கும் அங்கே கணக்கு உண்டு. இங்கே பட்டா நிலத்தில் ஓடும் தடங்களுக்குப் பெரும்பாலும் பெரியவர்களின் ஞாபகம்தான் சாட்சி. அந்தப் பெரியவர் போய்விட்டால் தடமும் போய்விடுகிறது.

தகராறு வந்தேவிட்டால்? அடிதடி ஆகும் நிலை என்றால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166-வது பிரிவின் கீழ் நிர்வாக நடுவர் விசாரித்து உத்தரவிடலாம். அது அமைதி காக்கும் ஏற்பாடுதான். உரிமையை முடிவு செய்வது சிவில் கோர்ட்டுதான். ஆனால் சிவில் வழக்கில் ஜெயித்தவர், தோற்றவரின் வாசலைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். அதனால் லோக் அதாலத்தில் பேசி முடிப்பது நல்லது. அங்கே எழுதும் தீர்வுக்குக் கோர்ட் டிகிரிக்கு உள்ள அதே பலம் உண்டு, அப்பீலும் கிடையாது.

இவ்வளவும் நிலமும் பத்திரமும் உள்ளவர்களின் பாடு. இரண்டும் இல்லாதவர்கள்? வசதியுரிமை என்பது ஒரு நிலத்துக்காக இன்னொரு நிலத்தின் மேல் உள்ள உரிமை. காலங்காலமாகக் காட்டு வழியே வேலைக்கும் சுடுகாட்டுக்கும் நடந்த கூலிக்காரர்கள் கையில் காட்டுவதற்குப் பத்திரம் ஏது? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித் முதியவரல்லாத நடுவயதுக்காரரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் இருந்த பட்டா நிலத்தை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள் என்பது அந்த மக்கள் சொன்ன காரணம். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. அதற்கு முன் 2008 மே மாதம் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சுவரின் ஒரு பகுதியை அதிகாரிகள் இடித்துத்தான் தலித் மக்களுக்கு வழி திறக்க வேண்டியிருந்தது. சொந்த நிலம் என்ற சொல்லுக்குப் பின்னால் சாதி ஒளிந்துகொள்ளும் இடம் இது. இப்படிப்பட்ட வழிகளை அக்கம்பக்கத்தார் பேசித் தீர்க்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. நிலத்துக்குப் பணம் கொடுத்து எடுத்துப் பொதுப் பாதையாகப் பதிவு செய்வது அரசின் வேலை.

மற்ற தடங்களுக்கு அரசு வர வேண்டியதில்லை. ஒரு டேப், ஒரு சர்வேயர், ஒரு பத்திர எழுத்தர், பேச மனமுள்ள இரண்டு பேர் இருந்தால் போதும். எட்டடித் தடத்தை அடைப்பதால் தோட்டத்தின் விளைச்சல் கூடிவிடப் போவதில்லை. எட்டடியைப் பத்தடியாகத் திருடுவதால் குடோன்காரர் கோடீஸ்வரர் ஆகிவிடப் போவதுமில்லை. ஆனால் ராத்திரியில் ஒருவர் வீட்டில் பாம்பு கடித்துவிட்டால், ஆம்புலன்ஸ் வர வேண்டிய வழி அந்த எட்டடிதான். அன்றைக்குப் படலைத் திறந்துவிட ஓடி வர வேண்டியவரும் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்தான்.