பழைய காருக்குப் புதிய ரப்பர்

புதிய கார்கள் நாள்தோறும் உருவாகி வெளிவரும் ஊர் நமது சாகண். ஆயினும், தந்தையார் வாங்கிய பழைய காரைப் போற்றிக் காப்போரும் நம்மிடையே உளர். மும்பை குர்லாவில் 1964 முதல் உருவான பியட் 1100 டிலைட், பின்னர் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்றது. வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவாயிற்று. இவற்றின் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. இரும்பு தாங்குகிறது, வெயிலும் ஓசோனும் எண்ணெயும் பட்ட ரப்பரோ வெடித்து உதிர்கிறது.

பெடல் உறை, மின்கம்பி நுழையும் துளை வளையம், கதவு முட்டும் கட்டை ஆகிய சிறு உறுப்புகளை வீட்டிலேயே வார்க்கலாம். இயற்கை ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துப் பதப்படுத்த ஏறத்தாழ 150 பாகை வெப்பமும் அழுத்தமும் வேண்டும். ஆதலின் வீட்டு வேலைக்கு, இரு திரவங்களைக் கலந்தால் தானே இறுகும் பாலியூரித்தேன் ரப்பரே ஏற்றது.

முதலில் பழைய உறுப்பின் தேய்வையும் வெடிப்பையும் மெழுகால் நிரப்புக. வாசலின் தடவி, பிளாஸ்டர் ஆப் பாரிஸில் இரு பாதியாக அச்சு எடுக்க. அச்சு முற்றும் உலர்ந்தபின் வார்னிஷ் பூசுக. ஈரம் இருப்பின் ரப்பரில் குமிழிகள் தோன்றும். வார்க்குமுன் அச்சின் உட்புறம் மீண்டும் வாசலின் தடவுக. திரவங்களை, தயாரித்தோர் குறித்த விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்க. பெடல் உறைக்கு ஷோர் ஏ அளவில் 60 முதல் 70 வரை கடினம் பொருந்தும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்க. இதன் ஆவி மூச்சுக்குத் தீங்கு. குழந்தைகள் உறங்கும் அறையில் இவ்வேலை கூடவே கூடாது.

இனி முக்கியமான ஒன்று. பிரேக் சிலிண்டரின் ரப்பர் கிண்ணம், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் ஆகியவற்றை வீட்டில் செய்யத் துணியற்க. கிளைக்கால் வகைப் பிரேக் திரவத்தைத் தாங்கும் ரப்பர் பெட்ரோலில் ஊதிப் பெருக்கும். பெட்ரோலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரோ அப்பிரேக் திரவத்தில் கெடும். சிலிக்கான் ரப்பரும் பெட்ரோலில் பருக்கும். கிண்ணம் பழுதுற்றால் பெடல் தரையைத் தொட்டும் வண்டி நில்லாது. அவ்விடத்தில் சில ரூபாய் மிச்சம் பிடிப்பது குடும்பத்தின் உயிரைப் பணயம் வைப்பதாகும். அவற்றைத் தேர்ந்த கடையில் வாங்கி, அனுபவமுள்ள மெக்கானிக் கையால் பொருத்துக.

அழகுக்கும் வசதிக்கும் உரியதை நாம் வார்ப்போம். உயிர் காப்பதை விலை கொடுத்து வாங்குவோம்.