துவிச்சக்கர வண்டிக்கு ஒரு தனிவழி: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்துச் சில கருத்துக்கள்

வீதி அகலமாவதே ஊர் முன்னேறுவதன் அடையாளம் என்னும் கருத்து, படித்தோர் பாமரர் என்ற வேறுபாடின்றி இன்று வேரூன்றியுள்ளது. உள்நாட்டு யுத்தம் 2009இல் முடிவுற்ற பின்னர் கிழக்கிலங்கையில் நடைபெற்ற அபிவிருத்தி வேலைகளுள் கண்ணுக்குப் பெரிதும் புலப்படுவது வீதியமைப்பே. மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெரு 'காபட்' விரிப்புப் பெற்றது. கல்லடியிலே 1924ஆம் ஆண்டின் இரும்புப் பாலத்துக்கு அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. மண்முனைத் துறையிலே 'பாதை' ஓடிய இடத்தில் 2014இல் பாலம் எழுந்தது. (வாவியைக் கடக்க உதவும் மிதவையை இப்பிரதேச மக்கள் பாதை என்றே வழங்குவர், நீரின் மேலும் பாதை உண்டு என்பது அவர்தம் வழக்கு.) இவை வேண்டாதவை என்று எவரும் கூறார். ஆயின், இவ்வீதிகள் யாருடைய வேகத்தை மனத்திற்கொண்டு போடப்பட்டன என்ற வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே.

விடியற்காலையில் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு வருவோரை நோக்கின் இவ்வினாவின் நியாயம் விளங்கும். விறகுக் கட்டைப் பின்னாசனத்தில் ஏற்றியவர், தயிர் முட்டிகளைக் கயிற்றுறியிற் கட்டித் தொங்கவிட்டவர், மீன்பெட்டியுடன் வாடியிலிருந்து புறப்பட்டவர், கூலி வேலைக்குச் செல்பவர், இருவராய் மூவராய்ச் செல்லும் பாடசாலை மாணவியர் ஆகிய இவர்களுட் பெரும்பாலோரின் வாகனம் துவிச்சக்கர வண்டியே. பெருந்தெருவிலே இவர்களுக்கு வாய்த்தது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு அப்பாலுள்ள சிறு இடைவெளி மாத்திரமே. அதிலும் முச்சக்கர வண்டி தரித்து நிற்கும். அறுவடைக் காலத்தில் நெல் காயும். எஞ்சிய வெளியில் பேருந்தும் மணல் ஏற்றிய டிப்பரும் முந்தியடித்துக்கொண்டு வருகையில், சைக்கிளோட்டி மண்ணில் இறங்கி நிற்க வேண்டியவனாகிறான். அன்றாட உழைப்பாளி ஒருவன் தனது ஊரின் வீதியிலே ஒதுங்கி நின்று பிறருக்கு வழிவிடுவதை அபிவிருத்தி என்று கூறுவது விந்தையே.

துவிச்சக்கர வண்டி வறுமையின் சின்னம், காலப்போக்கில் தானே மறைந்துவிடும் என்பர் சிலர். அண்மைக்கால வரலாறு இதற்கு மாறாகவே சான்று பகர்கின்றது. 1990களில் எரிபொருள் தடைக்குள்ளான யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நோயாளியையும் நெல்மூட்டையையும் சுமந்தது சைக்கிளே. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே எரிபொருள் நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டபோது, அதுவரை சைக்கிளை ஏளனஞ் செய்த உத்தியோகத்தரும் அதனைத் தேடியலைந்தனர். அதன் விலையும் பன்மடங்கு ஏறிற்று. நெருக்கடி தணிந்ததும் சைக்கிள் மீண்டும் மறக்கப்பட்டது. மூன்று மாதமேனும் முழு நாட்டையும் நகர்த்திய ஒரு வாகனத்துக்குத் தனிவழி வேண்டும் என்ற சிந்தனை அரசியல்வாதிகளிடத்தும் தோன்றவில்லை, பல்கலைக்கழகங்களிடத்தும் தோன்றவில்லை. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையிலே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளோட்டத்தையும் கிராமப் பெண்களுக்குப் பயிற்றியது. பெண் தன் விருப்பப்படி ஓரிடம் சென்று மீளும் ஆற்றல் எழுத்தறிவுக்கு நிகரானது என்பதை அவ்வியக்கத்தினர் உணர்ந்திருந்தனர். படுவான்கரையின் மாணவி மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழி பற்றி இங்கு அவ்வாறு சிந்தித்தோர் எத்தனை பேர்?

மோட்டார் வாகனம் புகாத தனிவழி என்பது வெறுங் கற்பனையன்று. மேலை நாடுகளில் மோட்டார்ப் போக்குவரத்தின் போட்டியால் கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகள் பல, தண்டவாளம் அகற்றப்பட்டபின் சைக்கிள் வழிகளாயின. புகையிரதத்தால் செங்குத்தான மேட்டில் ஏற இயலாது. ஆதலால் அதன் தடம் ஆற்றுப் பள்ளத்தாக்குகளைத் தொடர்ந்து மென்சரிவாகவே செல்லும். முதியோரும் சிறுவரும் களைப்பின்றி மிதிப்பதற்கு அதனிலும் ஏற்ற தடம் வேறில்லை. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரையும் பாத் நகரையும் இணைத்த பழைய பாதையைச் சைக்கிளோட்டிகளின் சங்கமொன்று 1979 முதல் 1986 வரை தொண்டர்களின் உழைப்பால் வழியாக்கியது. 2008இல் அதன் ஒரு பகுதியைப் பேருந்துப் பாதையாக்க எத்தனித்தபோது மக்கள் எதிர்த்து நின்று மீட்டனர். நியூசிலாந்தின் ஒற்றாகோ பிரதேசத்தில் 1990இல் மூடப்பட்ட பாதை, 2000இல் 150 கிலோ மீற்றர் நீளச் சைக்கிள் வழியாகி, ஒடுங்கிக்கொண்டிருந்த சிற்றூர்களுக்கு வருவாய் அளித்தது. ஐக்கிய அமெரிக்காவின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமோ மேலும் நுட்பமானது. கைவிடப்படும் தடம் துண்டாடப்படாது சைக்கிள் வழியாகப் பேணப்படும். என்றேனும் புகையிரதம் வேண்டப்படின் அத்தடம் மீளும்.

இலங்கையிலே நிகழ்ந்தது என்ன? களனிப் பள்ளத்தாக்குப் பாதையின் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி, இரத்தினபுரியூடாக ஓபநாயக்க வரை, 1976இல் மூடப்பட்டது. களுகங்கைப் பள்ளத்தாக்கை அணைந்து சென்ற அழகிய தடம் அது. மூடியவர்கள் அதற்கு வேறு பயன் வகுத்தாரில்லை. தடத்தின் மீது வீடுகளும் கடைகளும் எழுந்தன. சில இடங்களில் அதுவே மோட்டார் வீதியாயிற்று. அங்கு குடியேறிய ஏழைகளைக் குறைகூறுவது நியாயமன்று; வெற்றாய்க் கிடந்த நிலத்தை அவர்கள் பயன்படுத்தினர். குற்றம் திட்டமிடாதோரையே சாரும். அவிசாவளையையும் இரத்தினபுரியையும் ஓபநாயக்கவையும் கடந்து செல்லும் அதே ஏ-4 பெருந்தெருதான், நாட்டைச் சுற்றிவந்து மட்டக்களப்பில் முடிகின்றது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒரு முனையில் விட்ட பிழையை மறுமுனையிலும் விடவேண்டுமென்ற கட்டாயமில்லை.

மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928இல். அப்பாதை உயிரோடிருக்கின்றது, அதனைச் சைக்கிளுக்குக் கேட்பது மடமை. வடக்கிலே 1990இன் பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட, வெறுங்கரையாய்க் கிடந்த பாதை 2014இல் யாழ்ப்பாணம் வரை மீண்டது. அது மீண்டதே நன்று. மட்டக்களப்புக்குத் தெற்கே தண்டவாளம் போடப்படவே இல்லை; நீடிப்பு என்பது தலைமுறை கடந்த பேச்சாகவே இருந்து வந்தது. ஆகவே மேலை நாட்டுத் திட்டத்தை அப்படியே பெயர்த்து நடுவோர்க்கு இங்கு வேலையில்லை.

ஆனால் புகையிரதக் கரைக்கு ஒப்பான வேறு கரைகள் இங்கு உள. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலான குளங்களின் கட்டுக்களும், அவற்றினின்று வயல்வெளிக்கு இறங்கும் வாய்க்கால்களின் கரைகளும் மென்சரிவானவை, நீரின் போக்கைத் தொடர்பவை, ஊர்களைத் தொட்டுச் செல்பவை. வாவியின் மேற்குக் கரையோரமாக மகிழடித்தீவு, முனைக்காடு, கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, பழுகாமம், மண்டூர் என ஊர்கள் கோத்தாற்போல அமைந்துள்ளன. தான்தோன்றீச்சரத் தேருக்கும் மண்டூர்த் திருவிழாவுக்கும் மக்கள் நடந்தும் மிதித்தும் சென்ற தடங்கள் புதியன அல்ல. அத்தடங்களை இணைத்துக் கிரவல் இட்டு, வாய்க்கால் குறுக்கிடும் இடங்களிற் சிறு பாலம் அமைத்து, மோட்டார் வாகனம் புகாமல் மறித்துவிட்டால் தனிவழி ஒன்று உருவாகும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே நெடுங்காலம் ஓடிய பாதைகளும் அவ்வழியின் கண்ணிகளாகும்.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. குளக்கட்டும் வாய்க்கால் கரையும் போக்குவரத்துக்கானவை அல்ல என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் கூறுவர். சரியான கூற்றே; ஆனால் கட்டைச் சிதைப்பது மணல் டிப்பரும் உழவு இயந்திரமுமேயன்றி, சைக்கிளின் சில்லு அன்று. மறிப்புத் தூண் கட்டையுங் காக்கும். மார்கழி வெள்ளத்தில் வழி மூழ்கும் என்பர். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி மாரிதோறும் மூழ்கியே வந்துள்ளது. அதற்காக அவ்வூர்களுக்கு வீதி வேண்டாம் என்று எவரும் சொன்னாரில்லை. யானைகள் பற்றிய வாதம் வலுவானது. வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கங்களில் யானைகளால் உயிர் போவது மெய். காட்டை அடுத்த பகுதிகளில் இருள் சூழ்ந்தபின் அவ்வழி உதவாது. ஆதலால் தொடக்கம் வாவிக்கரையை ஒட்டிய ஊர்களிலேயே அமைதல் வேண்டும். காட்டோரக் குளக்கட்டுக்கள் பின்னர் வரட்டும்.

இவ்வாதங்களைக் காட்டிலும் அஞ்சத்தக்கது, இக்கருத்தை வரவேற்பது போல வந்து தமதாக்கிக் கொள்வோரின் ஆர்வமே. பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் எழுந்த கதையை அறிந்தோர்க்கு இது விளங்கும். வெளிநாட்டார் வாடகைச் சைக்கிளில் வாவியைக் கண்டு களிப்பதற்கென அழகிய வழியொன்றும், விறகுக்காரனுக்கெனப் பழைய பெருந்தெரு ஓரமும் என்று இது முடியுமாயின், வழி அமையாமலிருப்பதே மேல். விருந்தினர் வரலாம், அவர்களால் அம்பிளாந்துறைத் தேநீர்க் கடைக்கு நாலு காசு சேரின் மகிழ்ச்சியே. எனினும் வழியின் அகலமும் திசையும் திறந்திருக்கும் நேரமும் தயிர் முட்டியின் கணக்கில் வகுக்கப்பட வேண்டியவை. விடியுமுன் புறப்படும் மீன்காரனுக்கு, காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும் வழியால் ஆவதொன்றுமில்லை.

பெருந்திட்டத்துக்குப் பணமில்லை என்னும் மறுமொழியும் எதிர்பார்க்கத்தக்கதே. அவ்வாறாயின் பணம் வேண்டாத ஓரிடத்தில் தொடங்கலாம். கல்லடியின் பழைய இரும்புப் பாலம் இடிக்கப்படாது நிற்கின்றது. கனரக வாகனங்களின் பாரத்தைப் புதிய பாலம் ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய பாலத்தை மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் புகாவண்ணம் நடப்போருக்கும் மிதிப்போருக்கும் முற்றாக ஒதுக்குவதற்கு மாநகர சபையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் ஒரு நாள் கூடியிருந்தாற் போதும். இரு முனைகளிலும் நடவேண்டியவை சில கற்றூண்கள் மாத்திரமே.