யாருக்காக இந்தக் கசப்பு?

ஒரு பொருள் நெடுங்காலம் பழக்கத்தில் இருந்துவிட்டால், அது ஏன் வந்தது என்று கேட்பாரில்லாமல் போய்விடுகிறது. கேட்பவரே அறியாதவர் என்று எள்ளப்படுகிறார். வீட்டில் பீர் காய்ச்சுவோரிடையே ஹாப்ஸ் கொடியின் பூங்கதிர் பெற்றிருக்கும் இடம் இத்தகையதே. ஹாப்ஸ் இல்லையேல் பீர் இல்லை என்பது அவர்களின் முதற் கட்டளை. ஹாப்ஸ் மிகுந்தால் பீர் சிறக்கும் என்பது இரண்டாம் கட்டளை. இவ்விரண்டையும் ஆராயாமல் ஏற்றுக்கொண்டோர் கலத்தில் கைநிறைய அள்ளிப் போட்டுவிட்டு, முகத்தைச் சுளிக்க வைக்கும் கசப்பையே தம் தேர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். முதற் கட்டளை வரலாற்றுக்கு மாறானது. இரண்டாவது அறிவியலுக்கு மாறானது.

குடிப்பது நன்றா தீதா என்பது வேறு வழக்கு. தன் அடுப்பில் ஒன்றைக் காய்ச்சும் ஒருவர், தாம் செய்வதன் காரணத்தை அறிந்து செய்கிறாரா என்பதே இங்கு எழும் கேள்வி.

வரலாற்றை முதலில் நோக்கலாம். பதினைந்தாம் நூற்றாண்டுக்கு முன் இங்கிலாந்தின் வீடுகளில் காய்ச்சப்பட்ட பானம் ‘ஏல்’ எனப்பட்டது. முளைகட்டிய வாற்கோதுமையும் நீரும் ஈஸ்டும் சேர்ந்ததே அது. சிலர் மூலிகைகளும் இட்டனர். ஹாப்ஸ் அதில் இல்லை. அதைக் காய்ச்சியவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுத் தேவைக்குக் காய்ச்சி, மிஞ்சியதை அண்டை அயலாருக்கு விற்றனர். சில நாள்களிலேயே அந்த ஏல் புளித்துப் போகும். ஆகவே, அது காய்ச்சிய ஊரைவிட்டு வெகுதொலைவு செல்லவில்லை. காய்ச்சியவளின் கையைவிட்டு அத்தொழிலும் செல்லவில்லை.

இந்நிலையை மாற்றிய காரணங்களுள் ஒன்று ஹாப்ஸ். அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் எழுதிவைத்தார். ஹாப்ஸ் இட்ட பீர் கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்தபோது, அதைத் திங்கள் கணக்கில் சேமிக்கலாம், கப்பலில் ஏற்றலாம், படைக்கு விற்கலாம் என்பதை வணிகர் கண்டுகொண்டனர். கெடாத சரக்கைப் பெருமுதல் தேடி வந்தது. பெரிய கலங்களும், கிடங்குகளும், கடன் வசதியும் உடையோரே அத்தொழிலில் நிலைத்தனர். 1300க்கும் 1600க்கும் இடைப்பட்ட இங்கிலாந்தை ஆராய்ந்து 1996இல் நூல் வெளியிட்ட ஜூடித் பென்னட், முற்பகுதியில் பெண்கள் கையில் இருந்த இத்தொழில் பிற்பகுதியில் ஆண்கள் கைக்கு மாறியதை விரிவாகக் காட்டியுள்ளார். அம்மாற்றத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஹாப்ஸ் இட்ட பீரின் வரவும் ஒன்று.

பின்னர்ச் சட்டமும் துணைக்கு வந்தது. 1516இல் பவேரிய நாட்டில் பிறந்த ஆணை, பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் ஆகாது என்றது. அதே ஆணை பீரின் விலையையும் வரையறுத்தது என்பதை இன்று அதனைப் புகழ்வோர் பலர் சொல்வதில்லை. இங்கிலாந்தில் 1710ஆம் ஆண்டுச் சட்டம், பவுண்டு எடைக்கு ஒரு பென்னி என்று ஹாப்ஸுக்கு வரி விதித்தது. விற்பனைக்குக் காய்ச்சுவோர் வேறு கசப்புப் பொருளை மாற்றாக இடக்கூடாது என்றும் தடுத்தது. வரி தரும் கசப்பை வரி தராத கசப்பு வெல்லலாகாது என்ற கவலையே அது! அவ்வரி 1862இல் நீங்கியது. வரி போன பின்னும் வழக்கம் போகவில்லை. வணிகரின் தேவையும் அரசின் வருவாயும் சேர்ந்து வளர்த்த ஒன்றை ‘மரபு’ என்று வணங்குவது எவ்வகை மரபு?

ஹாப்ஸ் இன்றிப் பீர் இல்லை என்போர் ஃபின்லாந்து நாட்டைப் பார்க்கட்டும். அங்குப் பண்ணை வீடுகளில் காய்ச்சப்படும் ‘சஹ்தி’ என்னும் பானம் ஜூனிப்பர்க் கிளைகளின் மணத்தால் பெயர் பெற்றது. ஹாப்ஸ் அதில் மிகச் சிறிதளவே இடப்படும், இடப்படாமலும் இருக்கும். அது விரைவில் கெடும். ஆகவே, குளிர்ச்சியில் வைத்து விரைவில் குடிக்கப்படும். அதைப் பீர் அன்று என்று தள்ள யாருக்கு உரிமை உண்டு?

இனி இரண்டாம் கட்டளை. ஹாப்ஸை மிகுதியாக இடுவோர், இந்தியாவுக்குச் சென்ற வெளிர்நிற ஏலைச் சான்றுக்கு அழைப்பர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சென்னைக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கப்பலேறிய அந்த ஏலில் ஹாப்ஸ் மிகுதியாக இடப்பட்டது உண்மையே. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படுவதற்கு முன், அக்கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல திங்கள் வெப்பக் கடலில் மிதந்து வந்தன. அப்பயணத்துக்கு அக்கசப்பு வேண்டியிருந்தது. அடுக்களையிலிருந்து கூடத்துக்குச் செல்லும் பீர் எந்த முனையைச் சுற்றி வரப்போகிறது? ஊறுகாய்க்கு இடும் உப்பை அன்றாடக் குழம்புக்கு இடுவாருண்டோ?

வெப்ப நாடுகளில் கேடு விரைவில் வருமே, அங்கு ஹாப்ஸ் கூடுதலாக வேண்டாமா என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானது. பீரைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பலவற்றை ஹாப்ஸின் கசப்பு அடக்குகிறது. ஆனால், பீரைக் காடியாக்கும் நுண்ணுயிர்களை அது தடுப்பதில்லை. கழுவாத குழாய்க்கும் மூடாத கலத்துக்கும் ஹாப்ஸ் பரிகாரம் ஆகாது. தூய்மையின் இடத்தில் கசப்பை வைப்பவர், அழுக்குத் துணிக்கு அத்தர் பூசுபவரை ஒத்தவர்.

கசப்பு பிறக்கும் முறையை அறிந்தால் அள்ளிப் போடும் கை தானே தயங்கும். ஹாப்ஸ் பூங்கதிரின் இதழ்களுக்கிடையே மஞ்சள் நிறப் பொடி ஒன்று உண்டு. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் எளிதில் நீரில் கரைவதில்லை. நெடுநேரம் கொதிக்கும்போதுதான் அவை உருமாறிக் கரைந்து கசப்பைத் தருகின்றன. மணம் தரும் எண்ணெய்களோ அதே கொதிப்பில் ஆவியாகிவிடுகின்றன. ஆகவே, கசப்புக்கு இடுவது கொதிப்பின் தொடக்கத்தில். மணத்துக்கு இடுவது கொதிப்பின் முடிவில் அல்லது நொதித்த பின்னர். மணம் வேண்டித் தொடக்கத்திலேயே அள்ளிப் போடுபவர் மணத்தை அடுக்களைக் காற்றுக்கு ஈந்துவிட்டு, கசப்பை மட்டும் விருந்தினருக்கு வைக்கிறார்.

அளவும் கணக்கில் அடங்கியதே. 20 லிட்டர் சாற்றில், 6 விழுக்காடு ஆல்ஃபா அமிலம் உள்ள ஹாப்ஸ் 30 கிராம் இட்டால், அதில் உள்ள அமிலம் 1,800 மில்லிகிராம். ஒரு மணி நேரக் கொதிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கசப்பாக மாறுகிறது எனக் கொண்டால், லிட்டருக்கு 22 மில்லிகிராமுக்குச் சற்று மேல். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதே ஒரு கசப்பு அலகு. நடுத்தரக் கசப்புள்ள பீருக்கு இவ்வளவே போதும். இச்சிறு கணக்கைப் போட மறுப்பவர் தம்மைத் துணிச்சல்காரர் என்று அழைத்துக்கொள்ளலாம். கைத்திறன் உடையவர் என்று அழைத்துக்கொள்ள இயலாது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூர் போன்ற ஊர்களுக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. ஹாப்ஸ் கொடிக்கு நீண்ட கோடைப் பகலும் உறங்கிக் கிடக்கக் குளிர்காலமும் வேண்டும். ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே நீடிக்கும் மண்ணில் அது தானாகச் செழிப்பதில்லை. கடல் கடந்து வரும் ஹாப்ஸ் வெப்பத்தில் கிடந்தால் பழம் பாலாடைக்கட்டியின் நாற்றம் கொள்ளும். உறைகுளிரில் காக்கவேண்டிய அப்பொருளைப் பை பையாக வாங்கி அலமாரியில் அடுக்குவது பண விரயம். வீட்டில் நாய் வளர்ப்போர் இன்னொன்றையும் மறக்கலாகாது. ஹாப்ஸ் சக்கையைத் தின்ற நாயின் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி, உயிருக்கே இறுதியாகலாம். சக்கையை எறியும் இடத்தையும் அறிந்திருப்பதே முழு அறிவு.

ஹாப்ஸை ஒழிக்க வேண்டும் என்பது இதன் முடிபன்று. அளவோடு இட்டால் அது வாற்கோதுமையின் இனிப்புக்கு எதிர்நின்று சுவையைச் சமன் செய்யும், மணமும் கூட்டும். அது பணியாளனாக இருக்கட்டும், அரசனாக வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 1880இல் வந்த சட்டம் வீட்டில் காய்ச்சுவோரையும் உரிமம் பெறச் சொல்லியது. 1963இல்தான் அந்த உரிமத் தேவை நீங்கியது. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்குக் கூட்டரசு வரிவிலக்கு அளித்த சட்டம் 1978இல் கையெழுத்தாகி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அடுப்படியைவிட்டு வணிகரிடம் சென்ற ஒரு கலை, இவ்வாறு மீண்டும் அடுப்படிக்குத் திரும்பியது. திரும்பி வந்ததன் பொருள், தன் வீட்டாரின் நாவுக்கு ஏற்ப, தன் தட்பவெப்பத்துக்கு ஏற்ப, காரணம் அறிந்து காய்ச்சலாம் என்பதே. அவ்வுரிமையைப் பெற்றபின்னும் சந்தையின் கட்டளைக்கே கலத்தை ஏந்தி நிற்பவர், தம் வீட்டு அடுப்பில் பிறர் ஆலைக்கு வேலை செய்கிறார். ஹாப்ஸ் பையைப் பிரிக்கும் முன் ஒரு கணம் நின்று, யாருக்காக இந்தக் கசப்பு என்று கேட்பவரே தம் அடுப்புக்கு உரியவர்.