ராங்க் பார்த்து நகையை அடகு வைக்காதீர்கள்!

கோவில்பட்டி:

பிளஸ்-2 ரிசல்ட் வந்துவிட்டால் போதும். கோவில்பட்டியில் டீக்கடை, கடலைமிட்டாய் கடை, தீப்பெட்டி ஆபீஸ் எங்கும் ஒரே கேள்விதான்:

"அண்ணாச்சி, அந்த காலேஜ் எத்தனாவது ராங்க்?"

நம்பர் சின்னதாக இருந்தால் நல்ல காலேஜ். பெரிதாக இருந்தால் மட்டம். நம்பரே இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்! அந்த நம்பரை நம்பி வெளியூர் காலேஜுக்கு கடன் வாங்கி பணம் கட்டுகிறார்கள். கம்மலும் சங்கிலியும் அடகு கடைக்குப் போகின்றன.

ஆனால் அந்த நம்பர் எப்படி வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

மார்க்கு எதற்கு?

மத்திய அரசின் தேசிய தரவரிசைப் பட்டியல் 2016-ம் ஆண்டு முதல் வெளிவருகிறது. என்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு மொத்தம் 100 மார்க்கு. பாடம் நடத்தும் வசதிக்கு 30. ஆராய்ச்சிக்கு 30. படித்து முடிப்பவர்களின் நிலைமைக்கு 20. எல்லா தரப்பு மாணவர்களுக்கும் இடம் கொடுப்பதற்கு 10. மீதி 10 மார்க்கு "பேர்" எப்படி என்பதற்கு! கல்வியாளர்களையும் வேலை கொடுப்பவர்களையும் விசாரித்து இதைப் போடுகிறார்கள்.

இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால் சங்கதி தெரியும். 2024-ம் ஆண்டு கணக்குப்படி, மாணவர்கள் குறித்த காலத்துக்குள் பரீட்சையில் தேறுவதற்கு 3 மார்க்குதான். வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்தால் 3 மார்க்கு வரை கிடைக்கும். ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து கட்டணத்தை முழுசாக திருப்பிக் கொடுத்தாலோ 2 மார்க்கு வரைதான்!

ஆக, கயத்தாறு பக்கத்து ஏழைப் பெண்ணை அரியர் இல்லாமல் பட்டம் வாங்க வைத்த காலேஜுக்கு கிடைப்பதைவிட, "பேர்" வாங்கிய காலேஜுக்கு கிடைப்பது அதிகம்.

தானே எழுதிக் கொடுப்பது

இந்த விவரங்களை எழுதிக் கொடுப்பதும் பெரும்பாலும் கல்லூரிகளேதான். அதை சரியாக சோதித்துப் பார்ப்பதில்லை என்று வழக்கு வந்தது. 2025 மார்ச்சில் ஐகோர்ட்டு மதுரை கிளை பட்டியலை வெளியிட இடைக்கால தடை விதித்தது. பிறகு தடை விலகி, செப்டம்பரில் பட்டியல் வந்தது.

இது நம் ஊர் சமாசாரம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு பிரபல பட்டியலில் 2-வது இடத்தில் இருந்தது. கொடுத்த புள்ளிவிவரம் சரியில்லை என்று அங்கேயே வேலை பார்க்கும் கணித பேராசிரியர் ஒருவர் 2022-ல் அம்பலப்படுத்தினார். அதே ஆண்டு அடுத்த பட்டியலில் 18-வது இடத்துக்கு இறங்கியது. ஒரே வருஷத்தில் கட்டிடம் இடிந்து விட்டதா? வாத்தியார்கள் ஓடிவிட்டார்களா? இல்லை. நம்பர்தான் மாறியது.

நெல்லும் கம்பும்

பெரிய காலேஜ் பெரிய காலேஜ்தான். அதை மறுக்க முடியாது. சென்னை ஐ.ஐ.டி. 2016 முதல் 2025 வரை என்ஜினீயரிங்கில் முதலிடத்தை விடவே இல்லை. அங்கே இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது போக வேண்டியதுதான். கம்பெனிக்காரர்கள் அங்கேதான் முதலில் போகிறார்கள்.

ஆனால் 200-க்கு 195 கட்-ஆப் எடுத்தவர்களை வாங்கி வேலைக்கு அனுப்புவது ஒரு வேலை. 110 எடுத்த பிள்ளையை வாங்கி, கணக்கு பேப்பரில் கரையேற்றி வேலைக்கு அனுப்புவது அதைவிடக் கஷ்டமான வேலை. சேரும்போது எப்படி இருந்த பிள்ளை, முடிக்கும்போது எப்படி ஆனது? அந்தக் கணக்கு ராங்கில் ஏறுவதே இல்லை.

கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் 1901-ல் வந்தது. கரிசலுக்கு, அதுவும் மானாவாரிக்கு தனி ஆராய்ச்சி வேண்டும் என்று அன்றைக்கே புரிந்திருந்தது. தாமிரபரணி பாய்ச்சலில் விளைந்த நெல்லை அளந்து காட்டி, வானம் பார்த்த பூமியில் கம்பு போட்ட சம்சாரியை மட்டம் என்று யாராவது சொல்வார்களா? காலேஜ் விஷயத்தில் மட்டும் சொல்கிறார்கள்!

விடியற்காலை பஸ்

இந்த வட்டாரத்தில் 1970, 80-களில் விடியும் முன்பே கிராமத்துக்கு பஸ் வரும். பள்ளிக்கூட பஸ் அல்ல. பிள்ளைகளை தீப்பெட்டி ஆபீசுக்கு அள்ளிப்போகும் பஸ். தூக்கம் கலையாத பிள்ளைகளை அதில் ஏற்றி அனுப்பினார்கள். ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைக்கும் முதலாளி, குழந்தைக்கு ரூ.20 ஆயிரம் வீதம் கட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் உத்தரவு போட வேண்டி இருந்தது.

கோவில்பட்டியில் ஜி.வெங்கடசாமி நாயுடு கல்லூரி 1966-ல் வந்தது. நேஷனல் என்ஜினீயரிங் கல்லூரி 1984-ல் வந்தது. இன்று அதே கிராமங்களுக்கு காலேஜ் பஸ் வருகிறது. வெளியூர் ஹாஸ்டல் என்றால் அனுப்பாத வீடுகள் இன்னும் உண்டு. சாயங்காலம் வீடு திரும்பலாம் என்பதால்தான் அந்த வீட்டுப் பெண் பட்டதாரி ஆகிறாள். இதற்கு எந்தப் பட்டியல் மார்க்கு போடுகிறது?

கேட்க வேண்டியது என்ன?

உள்ளூர் காலேஜ் எல்லாம் உத்தமம் என்று அர்த்தம் இல்லை. வாத்தியார் இல்லாத காலேஜ், பக்கத்து தெருவில் இருந்தாலும் வேண்டாம். கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்.

சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 4 வருஷத்தில் முடித்தார்கள்? எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள்? அவர்களை சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன? பஸ், ஹாஸ்டல், பரீட்சை பீஸ் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

முதல் மூன்றுக்கும் பதிலை, பட்டியலில் சேரும் கல்லூரிகள் மத்திய அரசுக்கு ஏற்கனவே எழுதிக் கொடுக்கின்றன. ஆனால் அது இங்கிலீஷ் அட்டவணைக்குள் கிடக்கிறது. கவுன்சிலிங் தொடங்கும் முன்பு, மாநில உயர்கல்வித் துறை அதைச் சரிபார்த்து, கல்லூரிக்கு ஒரு பக்கம் என்று தமிழில் வெளியிடட்டும்.

கம்மலைக் கழற்றிக் கொடுக்கும் தாய்க்கு அந்த ஒரு பக்கமாவது படிக்கக் கிடைக்க வேண்டாமா?